ஆலோசகரை முதன்முறை சந்திக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில், வீட்டுத் துயரத்தை வெளியாளிடம் சொல்வதா என்ற தயக்கம் இன்னும் உண்டு. அந்தத் தயக்கத்தோடேயே மனநல ஆலோசகரிடம் போகலாம், அதையே முதலில் அவரிடம் சொல்லலாம்.

நேரம் குறிக்கும் முன், அவர் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் உளவியலாளராகவோ ஆலோசகராகவோ பதிந்திருக்கிறாரா என்பதை அதன் இணையப் பதிவேட்டில் பாருங்கள். கட்டணத்தையும், உங்கள் மெடிக்கல் எய்ட் (மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டம்) எவ்வளவு ஏற்கும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சந்திப்பு பெரும்பாலும் 50 முதல் 60 நிமிடங்கள் நீடிக்கும். முதல் நாளில் உறக்கம், உணவு, வேலை, உறவுகள் பற்றிய கேள்விகளே மிகுதியாக இருக்கும். தற்கொலை எண்ணம் உண்டா என்றும் நேரடியாகக் கேட்பார், அது உங்கள் பாதுகாப்புக்காகவே. உடனடி அறிவுரையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாற்றமடைவதுண்டு, ஏனெனில் உங்கள் முடிவை உங்களுக்காக எடுப்பது அவர் வேலையன்று. அடக்கி வைத்ததைப் பேசிய பிறகு சில நாட்கள் மனம் கூடுதலாகக் கனக்கலாம். அதற்காக நிறுத்திவிடாமல், அடுத்த சந்திப்பில் அதைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னதை ஆலோசகர் உங்கள் மாமியாரிடமோ கோயில் நிர்வாகத்தாரிடமோ சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை ஆகியவை விதிவிலக்கு; குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால் 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி அவர் தெரிவித்தே ஆகவேண்டும். இந்த வரம்புகளைத் தொடக்கத்திலேயே விளக்காதவரிடம் நீங்களே கேளுங்கள்.

பல சந்திப்புகளுக்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொருவரிடம் மாறலாம், அது நன்றிகெட்ட செயலன்று. உயிருக்கு ஆபத்தான நிலையில் சந்திப்புக்காகக் காத்திராமல், 10177 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.