ஃபார்மேட்டை மாற்றியும் படம் ஊர்ந்து வருகிறதா?

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் ஒரு மாங்கன்று நர்சரிக்கு இணையப் பக்கம் போட்டுக் கொடுத்தேன். படங்களை எல்லாம் வெப்பிக்கு (WebP, இணையப் பக்கங்களுக்காகக் கூகுள் கொண்டுவந்த பட ஃபார்மேட்) மாற்றியாயிற்று, இனி பறக்கும் என்றுதான் நினைத்தேன். தோப்புக்குள் போய்த் திறந்தால், சிக்னல் ஒரே கோடு. பெங்களூரா ரக ஒட்டுக்கன்றின் படம் மேலிருந்து கீழே ஊர்ந்து வருகிறது.

தப்பு என்னுடையது. போனில் எடுத்த படம் 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் பிக்சல். பக்கத்தில் அது காட்டப்படும் அகலமோ 1200தான். 1200க்கு 900 ஆக்கினால் ஏறக்குறைய 11 லட்சம் பிக்சல் போதும், பதினொன்றில் ஒரு பங்கு. வெப்பி தரும் லாபம் இதற்குப் பக்கத்தில்கூட வராது. வழக்கமான ஜேபிஜியைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பதுதான் கூகுளின் கணக்கு. முதலில் அகலத்தைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் ஃபார்மேட்.

சிலர் கோப்பின் பெயரில் ஜேபிஜி என்பதை அழித்துவிட்டு வெப்பி என்று தட்டுகிறார்கள். பெயர் மாறும், ஒரு கேபி கூடக் குறையாது.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை மாற்றுவதும் வேண்டாம். அது ஏற்கெனவே ஒருமுறை நசுங்கியது. டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் மூலப்படம் அப்படியே வரும்.

விலைப்பட்டியலையும் படமாகப் போட்டு இன்னொரு அடி வாங்கினேன். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. மாற்றிப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் சாயம் போன வேட்டி மாதிரி நிறம் கசிந்திருந்தது. குவாலிட்டியை 75லிருந்து 95க்கு ஏற்றியும் போகவில்லை. லாஸி வெப்பி, அதாவது கொஞ்சம் தகவலை விட்டுவிட்டுச் சுருக்கும் வகை, நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கித்தான் வைத்துக்கொள்ளும். இலைக்கும் காய்க்கும் அது கண்ணில் படாது, எழுத்தில் பல்லிளிக்கும். எழுத்தும் கோடும் நிறைந்த படத்துக்கு எதையும் விடாமல் சுருக்கும் லாஸ்லெஸ் வகைதான் சரி. (விலையைப் படமாகப் போட்டதே தப்பு. நேராகத் தட்டியிருந்தால் சீசனுக்குச் சீசன் மாற்றுவதும் சுலபம்.)

மாற்றும்போது எக்ஸிஃப் தகவல் (படம் எந்தப் பக்கம் நிமிர்ந்தது, எங்கே எடுத்தது என்று கோப்புக்குள் இருக்கும் குறிப்பு) போனால் நெட்டையாக எடுத்த படம் சில சமயம் படுத்துக்கொள்ளும். முதலில் நிமிர்த்திச் சேமித்துவிட்டு மாற்றுங்கள். அது போகாமல் இருந்தாலோ, வீட்டு வாசலில் எடுத்த படத்தோடு வீட்டின் இருப்பிடமும் ஊருக்கெல்லாம் போகக்கூடும்.

சுருக்கியதையே மறுபடி லாஸியாகச் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் இறங்கும். நர்சரியின் மூலப்படங்கள் இப்போது தனியாக ஒரு பென்டிரைவில் இருக்கின்றன.