அப்பா அம்மாவின் கடனை அடைக்க உதவுவது எப்படி: முதலில் கார்டு, அப்புறம் வீடு

எங்கள் வீட்டுக் கடன் காகிதங்கள் எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தன. யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்தது. குரோம்பேட்டை பிளாட்டுக்கு அப்பா வாங்கிய வீட்டுக்கடன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிரெடிட் கார்டு பாக்கி அம்மாவுக்கே தெரியாது. அதை அடைக்க நானும் தம்பியும் இறங்கியபோது கற்றுக்கொண்ட வரிசை இது.

படி 1: பையைத் திறக்க வைப்பது

எனக்கு மூன்று மாதம் பிடித்தது இதற்குத்தான். "எவ்வளவு கடன்ப்பா இருக்கு?" என்று நேராகக் கேட்டால், "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாரும்மா" என்பார். தம்பி ஒருநாள் குரலை உயர்த்தினான். அதோடு ஒரு மாதம் பேச்சே இல்லை. கடைசியில் வருமானவரியைச் சாக்கு வைத்தேன்: "வீட்டுக்கடன் வட்டிச் சான்று எங்கப்பா இருக்கு, பையைக் கொஞ்சம் எடுங்களேன்." பை வந்தது. கார்டு பில்களும் கூடவே வந்தன. அப்போது எதுவும் கேட்கவில்லை. காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

அதே வாரம் சிபில் அறிக்கையை (ஒருவர் பெயரில் உள்ள கடன்களும் கார்டுகளும் பதிவாகியிருக்கும் அறிக்கை) எடுத்துவிடுங்கள். முழு அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். ஓடிபி அப்பாவின் போனுக்குத்தான் வரும், அதனால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் எடுக்க முடியும். எங்களுக்கு இரண்டாவது கார்டு ஒன்று இருப்பதே அதில்தான் தெரிந்தது.

படி 2: ஒரு நோட்டு

யாருக்குக் கொடுக்க வேண்டும், பாக்கி எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம், மாதம் என்ன கட்டுகிறோம். நாலு பத்தி போதும். எக்செல் வேண்டாம், அம்மா திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.

படி 3: கார்டை முதலில் அடைப்பது

அப்பாவுக்கு வீட்டுக்கடனை முதலில் முடிக்க ஆசை. பத்திரம் வங்கியில் கிடக்கிறதே என்ற உறுத்தல். நியாயமான ஆசைதான், ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

அவருடைய பெரிய கார்டில் பாக்கி 1,20,000 ரூபாய். மினிமம் டியூ (அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) 6,000. "மாசாமாசம் கட்டிட்டுதானே இருக்கேன்" என்றார். உண்மைதான், ஒரு மாதமும் தவறவில்லை. ஆனால் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது 4,200 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 756. ஆக, கட்டிய ஆறாயிரத்தில் 4,956 அப்படியே போய்விட, கடன் குறைந்தது 1,044 ரூபாய்தான். அதே மாதம் மளிகைக்கு 2,500 ரூபாய் கார்டில் தேய்த்திருந்தார். பாக்கி நிற்கிற கார்டுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, துவரம்பருப்பு வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். நோட்டில் இதை எழுதிக் காட்டியபோது அப்பா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

வழி என்ன? கார்டு வங்கியிடமே பாக்கியை இஎம்ஐயாக மாற்றலாம். வட்டி குறையும், ஆனால் அதற்கான கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாங்கள் வளையலை வைத்து வங்கியில் நகைக்கடன் வாங்கி, அந்தப் பணத்தில் கார்டு பாக்கியை அடைத்தோம். வட்டி ஆண்டுக்கு 9.5 சதவீதம், மாதம் ஏறத்தாழ 950 ரூபாய். வளையல் அம்மாவுடையது என்பதால் முடிவும் அம்மாவுடையது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்ப மீட்பீங்க, தேதி சொல்லு." நோட்டில் தேதி எழுதினோம். மாதாமாதம் அப்பா கார்டுக்குக் கட்டிவந்த 6,000, நான் 5,000, தம்பி 3,000. ஒன்பது மாதத்தில் வளையல் வீட்டுக்கு வந்தது. (கார்டைத் தொடர்ந்து தேய்க்கிற வீட்டில் இதைச் செய்யாதீர்கள். நகையும் போகும், கடனும் நிற்கும்.)

பாக்கி தீர்ந்ததும் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்று போன் வந்தால் யோசியுங்கள். சிபிலில் 'செட்டில்டு' என்று விழுந்தால் பிறகு எந்தக் கடனுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

படி 4: வீட்டுக்கடன்

2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது. அப்போது பலருக்கு இஎம்ஐ ஏறவில்லை, தவணைக் காலம்தான் சத்தமில்லாமல் நீண்டது. எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான். அதனால் கிளைக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: இன்னும் எத்தனை மாதம் பாக்கி? இன்றைய வட்டி என்ன? கடன் பழைய எம்சிஎல்ஆர் முறையில் (வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டியை நிர்ணயிக்கும் முறை) இருந்தால் ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற என்ன கட்டணம்?

எங்கள் பாக்கி 14 லட்சம், வட்டி 9 சதவீதம், இஎம்ஐ 18,000. அப்படியே விட்டால் 117 மாதம். வளையலுக்குப் போய்க்கொண்டிருந்த என் 5,000 ரூபாயை இங்கே திருப்பியதும் 82 மாதம். வட்டியில் மட்டும் 2.3 லட்சம் மிச்சம். தனிநபர் வாங்கிய, மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் கிடையாது. கூடுதல் பணம் கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையோடு வாங்குங்கள். பணத்தை அப்பா கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே போடுங்கள். கையில் கொடுத்தால் அது அத்தை வீட்டு வளைகாப்புக்குப் போய்விடும்.

படி 5: உங்கள் பக்கம்

அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீடும் கடனும் அப்பா பெயரில் மட்டும் இருந்தால், இஎம்ஐயை நீங்களே கட்டினாலும் உங்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது. உங்கள் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாதீர்கள். இதற்காக உங்கள் பெயரில் பர்சனல் லோன் எடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை.

படி 6: கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்த 30 நாளில் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. நிலுவையில்லாச் சான்றையும் மறக்காமல் வாங்குங்கள். ஆனால் நம் ஊரில் இதோடு வேலை முடியாது. கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவாகியிருக்கும். வங்கியைக் கேட்டு அதற்கான ரத்து ரசீதையும் பதிவுசெய்ய வேண்டும். எதிர் பிளாட் மாமா இதைச் செய்யவில்லை. ஆறு வருடம் கழித்து வீட்டை விற்கப் போனபோது வாங்க வந்தவர் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்திருக்கிறார். பத்திரம் மாமா கையில், கடன் மட்டும் ஈசியில் அப்படியே நின்றது.