கச்சான், வாடை, கைபேசிக் கேமரா: ராமநாதபுரம் கடற்கரையில் படம் எடுக்கத் தொடங்குவது எப்படி?

ராமேஸ்வரம் போய்வந்த எல்லோர் கைபேசியிலும் அதே நான்கு படங்கள் இருக்கும்: பாம்பன் பாலம், தனுஷ்கோடி தேவாலயம், அரிச்சல்முனை, அக்னி தீர்த்தத்தில் உதிக்கும் சூரியன். நீங்களும் எடுங்கள், தப்பில்லை. முதல் நாளே எடுத்து முடித்துவிட்டால் மனசு அடங்கும். பொழுதுபோக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

இந்தக் கரையில் என்றைக்கு எது படமாகும் என்பதைக் கச்சான் (தென்மேற்குக் காற்று), வாடை (வடகிழக்குக் காற்று) என்று மாறும் காற்றும் மீன்பிடி நாட்களும் தீர்மானிக்கின்றன. அந்த இரண்டையும் விசாரித்துக்கொண்டு கிளம்புகிறவருக்குச் சாதாரணக் கைபேசியே போதும். விசாரிக்காமல் வருகிறவர் லட்ச ரூபாய்க் கேமராவோடு வந்தாலும் காலிக் கரையைத்தான் எடுத்துக்கொண்டு திரும்புவார்.

படி 1: கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்

கைபேசி என்றால் கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கிவையுங்கள். கடல் இருக்கும் படத்தில் தொடுவானம் ஒரு துளி சாய்ந்தாலும் கடலே ஒரு பக்கமாக வழிவது போலத் தெரியும்.

தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் உப்புக் காற்றுக்குப் பயப்பட வேண்டும். லென்ஸ் முன்னால் ஒரு யு.வி. ஃபில்டர் (நிறமில்லாத காப்புக் கண்ணாடி) போடுங்கள். வெட்டவெளி மணலில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரமாக்கிய பருத்தித் துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். பையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கிடக்கட்டும். புது லென்ஸ் வாங்கும் யோசனையை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்பது என் கட்சி.

படி 2: ஒரே ஒரு விஷயத்தைப் பிடியுங்கள்

"கடற்கரை வாழ்க்கை" என்று தலைப்பு வைத்தால் எதுவும் அகப்படாது. சின்னதாக எடுங்கள். ஒரு வல்லம் (நாட்டுப்படகு), வருஷம் முழுக்க. தேவிபட்டினத்தில் நவக்கிரகங்களாக வணங்கப்பட்டுக் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள், தண்ணீர் ஏறியும் வற்றியும் இருக்கும்போது. வாலிநோக்கம் உப்பளம். கீழக்கரைப் பழைய வீடுகளின் கதவுகள் மட்டும். சாயல்குடிப் பக்கம் ஒரே ஒரு பனங்காடு, பதநீர் இறங்கும் காலத்திலும் இறங்காத காலத்திலும்.

தனுஷ்கோடியையே எடுக்க ஆசையா? 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் மிஞ்சிய தேவாலயத்தின் முகப்பை எல்லோரும் எடுத்தாயிற்று. நீங்கள் சுவருக்குப் பக்கத்தில் போங்கள். அது பவளப்பாறைக் கல்லால் கட்டியது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது கல்லில் பொதிந்த பவளத்தின் வரிகள் தெளிவாக எழும்பித் தெரியும். இன்னொன்று, இரண்டு பக்கமும் கடல் இருக்க, மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் ஊற்றுகள். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு வருஷத்தை ஓட்டலாம்.

உங்கள் ஊரிலிருந்து அடிக்கடி போய்வர முடிகிற இடமாக இருக்க வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை. தூரமாக இருந்தால் மூன்றாவது மாதம் விட்டுவிடுவீர்கள்.

படி 3: காற்றையும் கிழமையையும் கேளுங்கள்

தனுஷ்கோடி போகும் சாலையின் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல் என்பார்கள். வருஷத்தின் நடுவில் கச்சான் அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் எகிறும், பெண்கடல் சலனமில்லாமல் கிடக்கும். அலை வேண்டுமா, தெற்கே திரும்புங்கள். தண்ணீரில் படகின் பிம்பம் வேண்டுமா, வடக்கே திரும்புங்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று வந்ததும் கதை தலைகீழ். கச்சான் காலத்தில் மணல் பறக்கும், கேமராவுக்கு ஆகாது. ஆனால் சாலை மேல் மணல் ஊர்ந்து போவதை எடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது.

அடுத்து கிழமை. ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆக, மீன் இறங்குவதும் ஏலமும் வேண்டுமென்றால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில் துறைமுகத்தில் நிற்க வேண்டும். வேலைநிறுத்தம், புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாம் மாறும். முந்தின நாள் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வெளியூர்க்காரர்கள் "ஒன்றும் இருக்காது" என்று வராமல் இருப்பார்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது அந்த மாதங்களைத்தான். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது என்று வேலை ஒரே இடத்தில் நடக்கும். ஆட்கள் ஓடமாட்டார்கள், பேசவும் நேரம் இருக்கும்.

குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் வரும். கைபேசியில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத்தான் விழும். கிட்டப் போய்ப் பறக்கவிடாதீர்கள். இரை தேடுகிற பறவையைக் கிளப்பி எடுத்த படத்தை நான் மதிப்பதில்லை. தண்ணீர் விரிவு, அதன் ஓரத்தில் ஒரு வெளிறிய வரிசை என்று அகலமாக எடுத்துப் பாருங்கள்.

படி 4: வெளிச்சத்தை நீங்களே திருத்துங்கள்

கேமரா எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சமாக்கப் பார்க்கும். அதனால் உப்புக் குவியலும் வெண்மணலும் அழுக்காக விழும். அங்கே எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை ஏற்றுங்கள். கைபேசியில் திரையைத் தொட்டால் வரும் சின்னச் சூரியனை மேலே தள்ளினால் போதும். விடிகாலைத் துறைமுகத்தில் சூரியன் படகுகளுக்குப் பின்னால் எழும். அப்போது நேர்மாறாக -1 இறக்குங்கள். படகும் ஆளும் கருப்பு உருவமாக நிற்க, வானத்தின் நிறம் தப்பிக்கும்.

ஷட்டர் வேகத்துக்கு மூன்று எண்கள் மட்டும் இப்போதைக்கு: சிதறும் அலைத்துளியும் பறக்கும் கடற்காகமும் உறைந்து நிற்க 1/1000 நொடி. கூடையோடு நடக்கும் ஆளுக்கு 1/250. நவபாஷாணக் கற்களைச் சுற்றித் தண்ணீர் பனிப்புகையாகத் தெரிய ஒரு நொடி. இதற்கு முக்காலியும் மங்கிய வெளிச்சமும் வேண்டும்.

காலை பத்து மணிக்கு மேல் வெயில் முகத்தில் குழி விழுத்தும். நிழலுக்குள் போய்விடுங்கள். ஓலைக்கொட்டகை, ஏலக்கூடம், வலை பொத்தும் திண்ணை. வெளியே இருக்கும் வெள்ளை மணலே வெளிச்சத்தை உள்ளே திருப்பி அனுப்பும்.

படி 5: முதலில் பேச்சு, பிறகு படம்

கேமராவைக் கண்டதும் வரும் முதல் கேள்வி, "எந்தப் பேப்பர் தம்பி?"

"பேப்பர் இல்லண்ணே, ஆசைக்கு எடுக்குறேன். எடுக்கலாமா?"

"எங்க வேணா போடு, பேஸ்புக்ல மட்டும் போடாதே" என்று பதில் வரலாம். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். இலங்கைக் கடற்படையின் கைதும் படகுப் பறிமுதலும் பார்த்த ஊர்கள் இவை. படகின் பதிவு எண் தெரிகிற படத்தைப் பொதுவெளியில் போடுமுன் உரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள். கீழக்கரையில் காக்கா (அண்ணன்), லாத்தா (அக்கா) என்றால் முகம் மலரும்.

கடற்பாசி எடுக்கும் பெண்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மண்டபம், பாம்பன் சின்னப்பாலம் பக்கம் சேலை மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி முங்குவார்கள். நனைந்த உடையோடு கரையேறும் நேரத்தில் கேமராவைத் தூக்காதீர்கள். பாசியைக் காயவைக்கும் பொழுதில் போய்ப் பேசி, கைகளை எடுங்கள். விரலில் சுற்றிய அந்தத் துணி ஒன்றே அந்த வேலையைச் சொல்லிவிடும்.

படி 6: எடுக்கக் கூடாதவை

ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் கூடாது, பிராகாரத்துக்காக யாரிடமும் கெஞ்ச வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது, முறையான அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடாதீர்கள். மண்டபம் அகதிகள் முகாமைச் சுற்றுலாக் காட்சியாக எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலம் மேலேறுவதைப் பாம்பன் கரையில் நின்றே பார்க்கலாம். அரிச்சல்முனையிலிருந்து மாலையில் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே காலையில் போங்கள்.

படி 7: கழித்துக் கட்டுங்கள், பிரிண்ட் போடுங்கள்

ஒவ்வொரு முறை போய்வந்ததும் ஐந்து படங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி, இடம், அன்றைய காற்று, நடந்த வேலை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். வருஷக் கடைசியில் பன்னிரண்டு படங்களை வரிசைப்படுத்தும்போது அழகைவிட அந்த வரிகள்தான் உதவும்.

படத்தில் இருப்பவர்களுக்கு ஸ்டுடியோவில் போஸ்ட்கார்டு அளவில் பிரிண்ட் போட்டு, அடுத்த முறை போகும்போது நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதற்கு ஈடாகாது. பிரிண்டைக் கையில் வாங்கினால் நாலு பேர் கூடுவார்கள். நீங்கள் சாளை என்று எழுதிய மீனைச் சூடை என்று திருத்துவார்கள், பின்னால் தெரியும் படகு யாருடையது என்பார்கள், "நாளைக்குக் கரைவலை இழுக்கிறோம், விடியமுன்ன வந்துடு" என்று நேரமும் சொல்லி அனுப்புவார்கள்.