ஜப்பான் பல்கலைக்கழகத்தில் படிக்க: முதலில் எந்த வகை மாணவர் என்று முடிவு செய்யுங்கள்

"ஜப்பானில் எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அங்கே எந்த வகை மாணவராகச் சேரப் போகிறீர்கள்? ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவருக்குப் பட்டம் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. கட்டணமும் வேறு வேறு. கீழே சொல்வது பெரும்பாலும் தோக்கியோ, கியோத்தோ, தொஹோக்கு, கியூஷூ போன்ற தேசியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தும்.

படி 1: படித்த வருடங்களை எண்ணுங்கள்

இளநிலைப் படிப்பில் சேர 12 ஆண்டு பள்ளிப்படிப்பு வேண்டும். பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். முதுநிலைக்குப் பொதுவான கணக்கு 16 ஆண்டுகள். பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு 12+4, சரியாக வந்துவிடும். பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படித்தவர்களுக்கு 15தான் வரும். நம் பிள்ளைகள் பலர் முதலில் இடறுவது இங்கேதான்.

இதனால் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்களையும் ஏற்கலாம் என்று 2016இல் ஜப்பான் விதியைத் திருத்தியது. 22 வயது நிறைந்தவர்களின் தகுதியைப் பல்கலைக்கழகமே தனியாகப் பரிசீலித்து அனுமதிக்கும் வழியும் உண்டு. ஆனால் அந்தப் பரிசீலனைக்கான கடைசித் தேதி, விண்ணப்பத் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே முடிந்துவிடும். பி.எஸ்சி. காரர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதி இதைக் கேட்டுவிடுங்கள்.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

*இளநிலை மாணவர்.* ஜப்பானிய மொழியில் படிப்பதென்றால், வெளிநாட்டு மாணவர்களுக்கான இ.ஜே.யூ. என்ற நுழைவுத்தேர்வை எழுத வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் நவம்பரிலும் நடக்கும். ஜப்பானிய மொழித் தாளுக்கு மட்டும் 450 மதிப்பெண். ஆங்கிலத்திலேயே படிக்கவும் வழி இருக்கிறது: நகோயா, ஒசாகா, தொஹோக்கு, கியூஷூ ஆகியவற்றில் அப்படிப்பட்ட படிப்புகள் உண்டு, அக்டோபரில் சேர்வது வழக்கம். வெளிநாட்டு மாணவர்களுக்காகக் கியோத்தோ நடத்தும் ஐ.யூ.பி. என்ற இளநிலைப் படிப்பு எனக்கு மிகவும் பிடித்த திட்டம். சேரும்போது ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. மொத்தம் நாலரை ஆண்டுகள். தொடக்கத்தில் அரையாண்டு ஆயத்தப் படிப்பு, அதன்பின் படிப்படியாக ஜப்பானிய மொழி வகுப்புகளுக்கே கொண்டுபோய் விடுவார்கள்.

*முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்.* பொறியியல், அறிவியல் துறைகளில் ஆங்கிலவழிப் படிப்புகள் தாராளமாக இருக்கின்றன. நேரடியாக விண்ணப்பிக்க முடிந்தால் அதையே செய்யுங்கள்.

*கென்க்யூசெய்.* ஒரு பேராசிரியரின் கீழ் ஆறு மாதமோ ஓராண்டோ ஆய்வு செய்யும் மாணவர். பட்டம் கிடையாது, பாடப்புள்ளிகளும் (கிரெடிட்) கிடையாது. பிறகு ஏன் இதில் சேர்கிறார்கள்? முதுநிலை நுழைவுத்தேர்வுக்குத் தயாராகத்தான். பல துறைகளில் அந்தத் தேர்வு ஆகஸ்ட் வாக்கில் நடக்கும். ஏப்ரலில் கென்க்யூசெய்யாக வந்து, ஆய்வுக்கூடத்தில் பழகி, ஆகஸ்டில் தேர்வெழுதி, அடுத்த ஏப்ரலில் முதுநிலையில் சேர்வது வழக்கமான பாதை. கென்க்யூசெய்யாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக முதுநிலை இடம் உறுதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏஜென்ட் யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். வீட்டில் கடன் வாங்கி அனுப்புகிறார்கள் என்றால், இந்த ஒரு விஷயத்தை அப்பா அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

*சில பாடங்களை மட்டும் எடுப்பவர்.* பாடப்புள்ளியோடும் உண்டு, வெறுமனே கேட்டுவிட்டுப் போவதும் உண்டு. வெறுமனே கேட்பவராக மாணவர் விசா வாங்க வாரம் 10 மணி நேரமாவது வகுப்பு இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கிளம்பிப் போக இது உகந்த வழியாக எனக்குத் தோன்றவில்லை.

*பரிமாற்ற மாணவர்.* உங்கள் கல்லூரிக்கு ஜப்பான் பல்கலைக்கழகத்தோடு கட்டண விலக்கு ஒப்பந்தம் இருந்தால், இங்கே கட்டும் கட்டணத்திலேயே அங்கே ஒரு செமஸ்டரோ ஓராண்டோ படிக்கலாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் நாளைக்கே கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

படி 3: பேராசிரியருக்கு மெயில்

கென்க்யூசெய்யாகவோ ஆய்வு சார்ந்த முதுநிலையிலோ சேர, பெரும்பாலான துறைகளில் ஒரு பேராசிரியர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதலாம். ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பதில் வராது. ஒருவருடைய கட்டுரையை முழுக்க வாசித்துவிட்டு எழுதுங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

"பி.இ. மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். அலுமினிய வெல்டிங்கில் விரிசல் பரவுவது பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். அதில் அறை வெப்பநிலையில் மட்டும் சோதனை செய்திருக்கிறீர்கள். என் புராஜெக்டில் அதே கலவையை அதிக வெப்பத்தில் சோதித்தபோது விரிசல் வேறு விதமாகப் பரவியது. இதைத் தொடர்ந்து ஆராய விரும்புகிறேன். வரும் ஏப்ரலில் கென்க்யூசெய்யாகச் சேர வாய்ப்பு உண்டா?"

கூடவே மதிப்பெண் பட்டியல், இரண்டு பக்க ஆய்வுத் திட்டம். எந்த வகையில், எந்த மாதம் சேர விருப்பம் என்பதை மறக்காமல் எழுதுங்கள். பெயரோடு "சென்செய்" (ஆசிரியர்) சேர்த்து விளிப்பது மரியாதை. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதோடு விட்டுவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

படி 4: பணக் கணக்கு

தேசியப் பல்கலைக்கழகங்களுக்கு அரசு வகுத்த அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென், சேர்க்கைக் கட்டணம் 2,82,000 யென். சில இடங்களில் இப்போது உயர்த்தி வருகிறார்கள். தோக்கியோ 2025இல் இளநிலைக் கட்டணத்தை 6,42,960 யென்னாக ஆக்கியது. கென்க்யூசெய்க்கு அடிப்படைக் கட்டணம் மாதம் 29,700, சேர்க்கைக்கு 84,600, விண்ணப்பத்துக்கு 9,800. ஓராண்டுக்குக் கூட்டினால் 4,50,800 யென். முதுநிலைக்கு மாறும்போது சேர்க்கைக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். தேசியப் பல்கலைக்கழகங்களின் கட்டணச் சலுகையும் பெரும்பாலும் பட்டப்படிப்பு மாணவர்களுக்கே.

ஜப்பான் கல்வி அமைச்சகம் தரும் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணமே இல்லை. போக வர விமானச் செலவும், ஆய்வு மாணவர் பிரிவில் மாதம் 1,43,000 முதல் 1,45,000 யென் வரையும் தருகிறார்கள் (2024 நிலவரம்). தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலோ விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் ஏப்ரல் முதலே சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு வாரம் 28 மணி நேரம் பகுதிநேர வேலை செய்யலாம். ஆனால் அந்த வருமானத்தை நம்பிக் கட்டணத்தைத் திட்டமிட வேண்டாம்.

படி 5: விண்ணப்பமும் விசாவும்

ஒவ்வொரு துறையும் "போஷூ யோகோ" என்ற விண்ணப்பக் கையேட்டை வெளியிடும். கடைசித் தேதிக்குப் பக்கத்தில் "ஹிச்சாக்கு" என்றிருந்தால் காகிதங்கள் அன்றைக்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். "கெஷியின் யூகோ" என்றிருந்தால் அஞ்சல் முத்திரைத் தேதியைத்தான் பார்ப்பார்கள். சென்னையிலிருந்து கூரியர் அனுப்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு வருடத்தையே காப்பாற்றும்.

இடம் கிடைத்ததும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே உங்களுக்காகக் குடிவரவுத் துறையில் தகுதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும். இதை எல்லோரும் சி.ஓ.இ. என்பார்கள். வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். வங்கி இருப்பைக் காட்டும் காகிதங்களை இப்போதுதான் கேட்பார்கள். சி.ஓ.இ. மூன்று மாதமே செல்லும், அதற்குள் விசா வாங்கி ஜப்பானுக்குள் போய்விட வேண்டும்.

நரிதா, ஹனேதா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே வசிப்பிட அட்டை தருவார்கள். பகுதிநேர வேலைக்கான அனுமதிப் படிவத்தையும் பூர்த்தி செய்து அங்கேயே கொடுத்துவிடலாம். வீடு கிடைத்த 14 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள்.