பழைய காகிதத்தைக் கெடுப்பது கரையான் மட்டுமல்ல

தங்கள் வட்டாரத்தின் வரலாற்றைக் காக்க நான்கு பேர் கூடிச் சங்கம் தொடங்கினால், மூட்டை மூட்டையாகப் பழைய காகிதங்கள் வந்து சேரும். கரையானுக்கும் மழைக்கும் தப்பி வந்த அவற்றுக்கு, ஆர்வம் மிகுந்த கைகளிடமிருந்து தப்புவதுதான் கடினம்.

பெரிய தவறு, வந்ததும் பிரித்து அடுக்குவது. ஒரு வீட்டுப் பெட்டியில் கடிதம், ரசீது, புகைப்படம், கணக்கு நோட்டு எல்லாம் கலந்து கிடக்கும். உடனே கடிதங்கள் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று ஆண்டுவாரியாக அடுக்கிவிடுவார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் எந்த ரசீது எந்தக் கடிதத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் ஒரு சான்று. கலைத்த பிறகு அது திரும்ப வராது. ஓரிடத்திலிருந்து வந்த தொகுப்பைப் பிறவற்றோடு கலக்கக் கூடாது என்று பிரான்ஸ் 1841-லேயே தன் ஆவணக் காப்பகங்களுக்கு விதி வகுத்தது. பொருள்வாரியாகத் தேட வேண்டுமானால் அட்டவணையை அப்படி எழுதிக்கொள்ளலாமே, காகிதத்தை ஏன் நகர்த்த வேண்டும்?

அடுத்தது பழுதுபார்க்கும் ஆசை. செலோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளித்துக் காகிதத்துக்குள் ஊறிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், பிரிக்கவே முடியாது. இதில் அனுபவமற்றவர்கள் மட்டும் ஏமாறவில்லை. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகமே 1930-களில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆவணங்களைச் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் தாளுக்குள் வைத்து ஒட்டியது. பின்னாளில் அந்த முறை கைவிடப்பட்டது. கிழிந்த தாளை அமிலமற்ற காகித உறைக்குள் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதே நல்ல சிகிச்சை. வெள்ளைக் கையுறையும் தேவையில்லை. அது விரலின் உணர்வை மழுக்குவதால் தாள் இன்னும் கிழியும். கழுவி உலர்த்திய கை போதும். புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை வேண்டும்.

புகைப்படம் என்றதும் நினைவுக்கு வருகிறது: படத்தைக் கொண்டுவந்தவரை, அதில் இருப்பவர்கள் யார் என்று கேட்காமலேயே அனுப்பிவிடுவது இன்னொரு தவறு. கொடுத்தவரும் காலமானபின் அந்தக் குடும்பம் வெறும் 'அடையாளம் தெரியாத எழுவர்' ஆகிவிடும். அவர் எதிரே அமர்ந்திருக்கும்போதே இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டுப் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனாவின் மை மறுபக்கம் கசியும். முதியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும்போதும் இதே கவனம் வேண்டும். கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா என்பதைக் குறித்துவைக்காத பதிவு பாதிப் பதிவுதான்.

ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத்தைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. ஹார்டு டிஸ்க் ஒரே நாளில் செயலிழக்கும். நல்ல காகிதமோ நூற்றாண்டுகள் தாங்கும். மூலத்தையும் வைத்துக்கொண்டு, கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பொருளை வாங்குவது பின்னால் வழக்கில் முடியலாம். கடிதத்தைக் கொடுத்தவருக்கே அதை அச்சிட அனுமதிக்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. பதிப்புரிமை பொதுவாகக் கடிதத்தை எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ உரியது.

சங்கம் கலைந்தால் தொகுப்பு யாருக்குப் போகும் என்பதையும் தொடக்கத்திலேயே விதிகளில் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் அது கடைசிச் செயலாளரின் வீட்டுப் பரணுக்குப் போகும். அது வந்ததும் பெரும்பாலும் ஒரு பரணிலிருந்துதான்.