சமூக ஆய்வுத் தரவுக் காப்பகம்: எதில் தொடங்குவது?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு, குடும்பக் கணக்கெடுப்புத் தரவைச் சீர்செய்து தரும் வேலை பார்க்கிறேன். தேசிய அளவில் ஒரு தரவுக் காப்பகம், அதாவது முடிந்த ஆய்வுகளின் தரவை வாங்கிப் பாதுகாத்து மற்ற ஆய்வாளர்களுக்குத் தரும் இடம், தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது சர்வருக்கு எவ்வளவு செலவாகும் என்றுதான். சர்வரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வினாத்தாள், கையேடு போன்ற தாள்களைச் சேருங்கள்.

ஒரு கோப்பு வருகிறது. அதில் 'பி7' என்று ஒரு பத்தி (அட்டவணையின் நெடுவரிசை), உள்ளே 1, 2, 3, 9 என்ற எண்கள். மொழி பற்றிய கேள்வி என்பது வரை தெரிகிறது. ஆனால் கேட்டது தாய்மொழியா, வீட்டில் பேசுவதா, பிள்ளை பள்ளியில் படிப்பதா? எங்கள் பக்கம் ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கு பேசுவார், அம்மா தமிழ் பேசுவார், பிள்ளை மலையாள மீடியத்தில் படிக்கும். கேள்வி மாறினால் பதிலும் மாறிவிடும். 9 என்பது 'தெரியாது' என்றதா, 'சொல்ல மாட்டேன்' என்றதா, கேட்கவே இல்லையா? வினாத்தாள் இல்லாவிட்டால் அந்தப் பத்தியை யாராலும் பயன்படுத்த முடியாது.

அதனால் தரவை வாங்கும்போதே, கேட்ட எல்லா மொழிகளிலும் உள்ள வினாத்தாள், களப்பணியாளர் கையேடு, மாதிரி எடுத்த முறை, எடை (ஒருவர் பதில் மொத்த மக்களில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்) கணக்கிட்ட விதம், குறியீட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். ஆய்வாளர் ஓய்வு பெற்று அவருடைய அறையைக் காலி செய்வதற்கு முன்னால் போக வேண்டும். இந்த விவரங்களைப் பதிய, 1995இல் தொடங்கிய டிடிஐ (டேட்டா டாக்குமெண்டேஷன் இனிஷியேட்டிவ்) என்ற தரநிலையைப் பின்பற்றுங்கள். உலகத்தில் பல காப்பகங்கள் அதைத்தான் பயன்படுத்துகின்றன.

ஊர்ப் பெயருக்குத் தனிக் குறிப்பு வேண்டும். எங்கள் சித்தூர் தாலுகா 1949 வரை கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது, அப்புறம் திருவிதாங்கூர்–கொச்சியில், 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில். இது பதிவில் இல்லையென்றால் பழைய புள்ளிவிவரத்தைத் தேடுபவர் தவறான மாநிலத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

ஆட்களின் அடையாளத்தை மறைப்பதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பெயரையும் போன் நம்பரையும் அழித்தால் போதாது. ஒரு வார்டில் தெலுங்கு பேசும், ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு உள்ள, மகன் துபாயில் இருக்கும் வீடு ஒன்றே ஒன்று என்றால், ஊர்க்காரர் யாரும் அது யார் வீடு என்று சொல்லிவிடுவார். ஆகவே வார்டை எடுத்துவிட்டுத் தாலுகா அளவில் நிறுத்துங்கள், நிலத்தை வரம்புகளாகத் தொகுங்கள். விவரம் கூடிய பிரதியைத் தனியே வைத்து, விண்ணப்பித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவருக்கு மட்டும் காட்டுங்கள். பதில் சொன்னவரிடம் எதற்கு ஒப்புதல் வாங்கினார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இதை விட்டுவிட முடியாது. நம்பித்தான் அந்த மக்கள் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்னார்கள்.

சேமிப்பு எளிதான விஷயம். வந்த கோப்பை அப்படியே தொடாமல் ஒரு பிரதி, எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய சிஎஸ்வி வடிவில் ஒரு பிரதி, வேறு ஊரில் இன்னொன்று. கோப்பு கெடவில்லை என்று பார்க்க அவ்வப்போது செக்சம் (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) சரிபாருங்கள். தமிழ் நேர்காணல்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் யுனிகோடுக்கு மாற்றி, சில பக்கங்களையாவது மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருப்பது கணினிக்குத் தெரியாது, படிப்பவருக்குத்தான் தெரியும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. ஜெர்மனியின் கொலோனில் 1960இலும், அமெரிக்காவின் மிச்சிகனில் 1962இலும், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967இலும் தொடங்கிய காப்பகங்கள் இன்றும் நடக்கின்றன. பிரிட்டனில் ஆய்வுக்கு நிதி தரும் பொருளாதார, சமூக ஆராய்ச்சிக் கவுன்சில், முடிந்த ஆய்வின் தரவை ஒப்படைக்கச் சொல்கிறது. நம் நாட்டில் 1969இல் அமைந்த இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் ஒரு தரவுச் சேவை நடத்துகிறது. நிதி கொடுப்பவரின் விதியில் 'தரவை ஒப்படைக்க வேண்டும்' என்ற அந்த ஒரு வரியைச் சேர்க்க வைப்பதற்காக எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினாலும் தகும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தரவுக்கும் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, ஆள்? வினாத்தாளைப் பொறுமையாகப் படிக்கிற ஒருவரை முதலில் எடுங்கள், கணினி ஆளை இரண்டாவதாக. ஒவ்வொரு தரவுக்கும் நிரந்தர அடையாள எண் (இணைய முகவரி மாறினாலும் மாறாத டிஓஐ போன்றது) வாங்கி, மேற்கோள் காட்டும் முறையையும் அதே பக்கத்தில் போடுங்கள். தன் உழைப்பு தன் பெயரில் மேற்கோளாவதைப் பார்க்கும் ஆய்வாளர், அடுத்த கணக்கெடுப்பைத் தானே கொண்டுவந்து தருவார்.