எண்ணின் மேல் ‘ஸ்பேம்’ முத்திரை விழுந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிசோதனை முடிவைச் சொல்ல நோயாளியை அழைக்கும் எண்ணிலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பெற்றோரை அழைக்கும் பள்ளியின் எண்ணிலோ ‘ஸ்பேம்’ என்ற எச்சரிக்கை தெரிந்தால், மறுமுனையில் இருப்பவர் அழைப்பை எடுக்கமாட்டார். நிறுவனங்களின் தொலைபேசி இணைப்புகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இந்த முத்திரையை நீக்கப் புதிதாக முற்படுபவர்கள், எங்கள் துறையில் அனைவரும் தொடக்கத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். விண்ணப்பத்தில் எண்ணைத் தப்பாக அடிப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

முத்திரை குத்தியது யார் என்று பாராமல் புகார் அளித்தல்

எல்லா அழைப்புகளையும் தரம் பிரிக்கும் ஒரே பட்டியல் எங்கும் இல்லை. அழைப்பைப் பெறுபவரின் தொலைத்தொடர்பு நிறுவனம், அவர் கைப்பேசியிலேயே இருக்கும் அழைப்புச் செயலி, அவர் தனியாக நிறுவிக்கொண்ட ட்ரூகாலர் போன்ற செயலி ஆகிய மூன்றில் எது வேண்டுமானாலும் அந்த எச்சரிக்கையைக் காட்டியிருக்கலாம். ஓரிடத்தில் திருத்தம் பெற்றால் மற்ற இரண்டும் தாமாக மாறிவிடுவதில்லை. இந்தியாவில் ஏர்டெல் 2024 செப்டம்பரிலிருந்து நெட்வொர்க் அளவிலேயே எச்சரிக்கை காட்டி வருகிறது. அமெரிக்காவில் அழைப்புகளைத் தரம் பிரிக்க, தொலைத்தொடர்பு நிறுவனங்களான ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரைசான் ஆகியவை முறையே ஹியா, ஃபர்ஸ்ட் ஓரியன், டிஎன்எஸ் என்ற அழைப்பு ஆய்வு நிறுவனங்களை நம்பியிருக்கின்றன. இம்மூன்று ஆய்வு நிறுவனங்களுக்கும் சேர்த்து ‘ஃப்ரீ காலர் ரெஜிஸ்ட்ரி’ என்ற தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம்.

ஆகவே, எச்சரிக்கையைப் பார்த்தவரிடமிருந்து ஸ்கிரீன்ஷாட், கைப்பேசியின் மாதிரி, சிம் எந்த நிறுவனத்தினுடையது, அழைப்பு வந்த நேரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிய பிறகே விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும். ட்ரூகாலரில் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்பதும், ஸ்பேம் முத்திரையைத் திருத்தக் கேட்பதும் வெவ்வேறு கோரிக்கைகள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சொந்த அலுவலகத்துக் கைப்பேசியில் சோதித்தல்

ஊழியர்கள் அனைவரும் அலுவலக எண்ணைப் பெயரிட்டுச் சேமித்து வைத்திருப்பார்கள். சேமித்த எண்ணுக்கு அந்தப் பெயர்தான் திரையில் வரும்.

எண்ணை மாற்றிவிடுதல்

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைப்பது இந்தத் தவறுதான். எச்சரிக்கை விழுந்த மறுநாளே ‘இந்த எண் கெட்டுப்போய்விட்டது, புதிய எண் வாங்கிக்கொள்வோம்’ என்று முடிவெடுத்துவிடுகிறார்கள்.

ஒரு பரிசோதனைக்கூடத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். பழைய எண்ணைக் கைவிட்டுப் புதிய எண்ணிலிருந்து அதே வேகத்தில் அழைக்கத் தொடங்கினார்கள். அதிலும் முத்திரை விழுந்தது. உடனே இன்னொரு எண் வாங்கினார்கள். அழைப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது காரணம் வரிக்கு வரி தெரிந்தது. ஒரே நோயாளிக்கு 9.10, 9.12, 9.15 என்று அடுத்தடுத்து அழைப்புகள் போயிருந்தன. எடுத்தவர்களோடு நடந்த உரையாடல்களும் பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்திருந்தன. தானியங்கி டயலர் முதலில் எண்ணைச் சுழற்றிவிட்டு, யாராவது எடுத்த பிறகே ஊழியரை இணைத்தது. அதனால் ‘ஹலோ’ என்றவரின் காதில் விழுந்தது வெறும் மௌனம். மௌனத்தைக் கேட்டவர் துண்டித்தார், சிலர் தடை செய்தார்கள், சிலர் ஸ்பேம் என்று புகாரும் அளித்தார்கள்.

முத்திரை குத்தும் அமைப்புகள் எடைபோடுவது இத்தகைய நடத்தையைத்தான்: குறுகிய நேரத்தில் எத்தனை அழைப்புகள் போயின, எத்தனை எடுக்கப்பட்டன, எத்தனை உடனே துண்டிக்கப்பட்டன, எத்தனை பேர் புகார் அளித்தார்கள். மோசடிக்காரர்கள் எண் மாற்றி எண் மாற்றி அழைப்பவர்கள் என்பதால், முன்வரலாறே இல்லாத ஒரு எண்ணிலிருந்து திடீரென்று அழைப்புகள் பெருகும்போது, நேர்மையான நிறுவனத்தின் சாயலும் அவர்களுடையதைப் போலவே ஆகிவிடுகிறது. குடத்தில் ஓட்டை இருக்கும்போது கிணற்றை மாற்றிப் பயன் என்ன?

இழப்பு அத்தோடு நிற்பதில்லை. கைவிட்ட எண் சில காலத்துக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படும். இந்தியாவில் அதற்கு 90 நாள் இடைவெளி, அமெரிக்காவில் குறைந்தது 45 நாள். பழைய அட்டையைப் பார்த்து அழைக்கும் நோயாளி, தன் பெயரையும் எந்தச் சோதனைக்காக இரத்தம் கொடுத்தார் என்பதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். இதை எண்ணிப் பார்க்காமல் எண்ணை உதறுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உங்களுக்குக் கிடைக்கும் ‘புதிய’ எண்ணும் இப்படி எவரோ விட்டுப்போனதாக இருக்கலாம், அவருடைய கெட்ட பெயரும் கூடவே வரலாம்.

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் பின்னர் எண்ணை மாற்றுவதை நிறுத்தி, டயலரை விலக்கி ஊழியரே நேரடியாக அழைக்கும்படி செய்தோம். எடுக்காதவருக்கு உடனே மறுபடி அழைக்காமல், யார், எதற்காக அழைத்தோம் என்று குறுஞ்செய்தி அனுப்பினோம். அதற்குப் பிறகு அளித்த திருத்த விண்ணப்பமே நிலைத்தது. முன்பு ஒருமுறை முத்திரை நீங்கியும், நடத்தை மாறாததால் அது திரும்ப வந்திருந்தது.

காரணம் எழுதாத விண்ணப்பம்

‘இது ஸ்பேம் அல்ல, நீக்குக’ என்ற ஒற்றை வரி எதையும் நிரூபிக்காது. நாட்டுக் குறியீட்டுடன் முழு எண், நிறுவனத்தின் பெயர், யாரை எதற்காக அழைக்கிறீர்கள், அந்த எண் வெளியாகியிருக்கும் இணையப் பக்கம், ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.

கையொப்பம் இருந்தால் போதும் என்று நம்புதல்

அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஸ்டிர்/ஷேக்கன் முறையில் அழைப்புகளுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன. அதில் மிக உயர்ந்த ‘ஏ’ தரம் கிடைத்தாலும், அழைப்பவர் அந்த எண்ணைப் பயன்படுத்த உரிமை உள்ளவர் என்பதற்கு மட்டுமே அது சான்று; அழைப்பு விரும்பத்தக்கதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வேறு எவரோ உங்கள் எண்ணைப் போலியாகக் காட்டி அழைத்ததால் முத்திரை விழுந்திருந்தால், உங்கள் சேவை நிறுவனத்திடம் அதை எழுத்துமூலம் தெரிவித்து, உங்கள் அழைப்புகளுக்கு எந்தத் தரம் இடப்படுகிறது என்றும் கேளுங்கள்.

காசு வாங்கிக்கொண்டு ஒரே நாளில் நீக்குவதாகச் சொல்பவர்கள்

கொடுக்காதீர்கள்.

தனிநபர் தடையையும் முத்திரையையும் குழப்பிக்கொள்ளுதல்

ஒருவர் தம் கைப்பேசியில் உங்கள் எண்ணைத் தடை செய்திருந்தால், அதை நீக்க அவரால் மட்டுமே முடியும். எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பித்தும் பயனில்லை. அவரை அடைய மின்னஞ்சலோ கடிதமோதான் வழி, அதில் ‘தடையை நீக்குங்கள்’ என்று கேட்பதைவிட, சொல்ல வேண்டிய செய்தியையே எழுதிவிடுவது நல்லது.